எலிக் கூண்டின் கீழே ஒரு புனல்



நான் கால்நடை மருத்துவம் படித்தவள். மாணவியாக இருந்தபோது எனக்குக் கிடைத்த முதல் ஆய்வு வேலை ஆட்டுப் புழுக்கையை எடை போடுவது. ஆறு ஆடுகள், ஆறு கூண்டுகள். கூண்டின் தரை கம்பி வலை. வலைக்கு அடியில் சரித்து வைத்த தகரம். புழுக்கை ஒரு பக்கம் உருண்டு தட்டில் விழும். மூத்திரம் வேறு பக்கம் வழிந்து ஜாடியில் சேரும். வைத்த தீவனம் எவ்வளவு, தின்னாமல் விட்டது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஏழு நாள் இரவு பகலாக நோட்டில் எழுத வேண்டும். ஒரு ராத்திரி தூங்கிப்போய் ஒரு ஜாடியைக் கவிழ்த்துவிட்டேன். அந்த ஆட்டின் கணக்கு முழுவதும் வீண். "உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழிச்சாத்தாம்மா உடம்பு எதை வெச்சுக்கிட்டதுன்னு தெரியும். நீ கவுத்தது மூத்திரம் இல்ல, விடை" என்றார் எங்கள் பேராசிரியர். அன்று அழுதேன். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று நான் பேச வந்திருப்பதும் அதே கழித்தல் கணக்கைப் பற்றித்தான். வித்தியாசம் ஒன்றே: உள்ளே போவது தீவனம் அல்ல, கதிரியக்கப் பொருள்.

கதிரியக்கப் பொருள் ஒன்று உடம்புக்குள் போய்விட்டால் இரண்டு கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன. ஒன்று அந்தப் பொருளின் சொந்தக் கடிகாரம். சீசியம்-137 பாதியாகத் தேய 30 ஆண்டுகள் ஆகும். புளூட்டோனியம்-239க்கு 24,000 ஆண்டுகள். அதை வேகப்படுத்த எந்த மருத்துவராலும் முடியாது. இரண்டாவது உடம்பின் கடிகாரம். உள்ளே வந்ததில் பாதியை உடம்பு வெளியே தள்ள எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறது என்பது அது. அதற்கு உயிரியல் அரை ஆயுட்காலம் என்று பெயர். வளர்ந்த மனிதருக்குச் சீசியத்தில் அது ஏறத்தாழ 110 நாள். புளூட்டோனியம் எலும்பில் படிந்துவிட்டால் 50 ஆண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது கடிகாரத்தில் மட்டும்தான் மனிதர் கை வைக்க முடியும். ஆனால் கை வைப்பதற்கு முன் அது எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். உயிருள்ள ஓர் உடம்பைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். யாருடைய உடம்பு? என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகப்போகிறது.

தொடக்கம் போரில் இல்லை, அவரைச் செடியில் இருக்கிறது. கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இருந்த ஹங்கேரிக்காரர் ஜார்ஜ் டி ஹெவேசி, 1923இல் கதிரியக்க ஈயம் கலந்த நீரில் அவரை இனச் செடிகளை வைத்தார். ஈயம் வேரில் எவ்வளவு, தண்டில் எவ்வளவு, இலையில் எவ்வளவு என்று கதிரை அளந்தே சொல்லிவிட்டார். அதற்கு முன் உயிருக்குள் ஒரு தனிமம் நடந்துபோகும் வழியை இப்படி யாரும் பின்தொடர்ந்ததில்லை. அடுத்த ஆண்டே மருத்துவர்களோடு சேர்ந்து முயலுக்குப் போனார். அப்போது மேகநோய்க்குப் பிஸ்மத் ஊசி போடுவார்கள். போட்ட பிஸ்மத் உடம்பில் எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம்.

1935இல் அவரும் சீவிட்ஸ் என்ற மருத்துவரும் எலிகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்தார்கள். எலியின் சிறுநீரையும் மலத்தையும் நாள் நாளாகச் சேர்த்து அளந்தார்கள். பிறகு எலும்பை அளந்தார்கள். முதிர்ந்த எலும்பு கல் மாதிரி, கட்டி முடித்த சுவர் மாதிரி என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். எலி வேறு விதமாகச் சொன்னது. நேற்றுத் தின்ற பாஸ்பரஸ் இன்று எலும்பில் இருக்கிறது; எலும்பில் இருந்தது இன்று சிறுநீரில் வருகிறது. ஒரு பாஸ்பரஸ் அணு எலியின் உடம்பில் சராசரியாக இரண்டு மாதம் தங்குகிறது என்று கணக்கிட்டார்கள். உடம்பை வீடு என்போம். அந்த எலிகளைப் பார்த்த பிறகு அதைச் சத்திரம் என்பதே சரியென்று எனக்குத் தோன்றியது. ஹெவேசிக்கு 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழிக்காகத்தான்.

அவர் செய்த இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1934இல் அவரும் ஹோஃபர் என்பவரும் கனநீரை, அதாவது கனமான ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட நீரை, வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கனநீரில் கதிரியக்கம் கிடையாது. அடையாளம் மட்டும் உண்டு. தங்கமீனிலும் பார்த்தார்கள், மனித உடம்பிலும் பார்த்தார்கள். நீர்த்த கனநீரைக் குடித்து, சிறுநீரைச் சேகரித்து அளந்ததில், குடித்த நீரில் பாதி வெளியேற ஏறத்தாழ 9 நாள் ஆகிறது என்று வந்தது. நம் கல்பாக்கத்துக் கனநீர் உலைகளில் வேலை செய்பவர்கள், கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் உடம்பில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் கொடுக்கிறார்கள் அல்லவா? டிரிட்டியம் உடம்பில் பாதியாக எடுத்துக்கொள்ளும் காலம் என்று இன்று வைத்திருப்பது சுமார் 10 நாள். நிறையத் தண்ணீர் குடித்தால் இன்னும் குறையும். அன்று கோப்பையை எடுத்துக் குடித்த மனிதருக்குத் தாம் என்ன குடிக்கிறோம், எதற்காகக் குடிக்கிறோம் என்று தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் திரும்பி வருவேன்.

உடம்பு புத்திசாலிதான். ஆனால் ஆள்மாறாட்டத்துக்கு ஏமாறும். ரேடியமும் ஸ்ட்ரான்சியமும் கால்சியம் போல வேடம் போட்டு எலும்புக்குள் நுழைகின்றன. நியூஜெர்சியில் 1920களில் கைக்கடிகார முகங்களுக்கு ஒளிரும் ரேடியம் வண்ணம் தீட்டிய பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கினார்கள்; அவர்களுடைய தாடை எலும்புகள் இற்றுப்போனதை உலகம் அறியும். சீசியம் பொட்டாசியம் போல வந்து தசை முழுவதும் பரவுகிறது. கதிரியக்க அயோடின் வேடம் போடக்கூடத் தேவையில்லை, அது அயோடின்தான். தைராய்டு சுரப்பி அதை இரு கையாலும் வரவேற்கிறது. புளூட்டோனியம் செய்வதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். 1940 வரை மனிதக் கண்ணில் படாத தனிமம் அது. எந்த உயிருக்கும் அதோடு பழக்கமில்லை. ஆனாலும் இரத்தத்துக்குள் போனதும் இரும்பைச் சுமக்கும் புரதத்தின் தோளில் ஏறிக்கொள்கிறது. இரும்பு என்று நினைத்து உடம்பு அதைக் கல்லீரலுக்கும் எலும்புக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதையெல்லாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அறுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அறுக்கப்பட்டவை எலிகள்.

1944 ஜனவரியில், புளூட்டோனியத்தைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான கிளென் சீபோர்க், இந்தப் பொருளோடு வேலை செய்கிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட்டு மேலிடத்துக்கு எழுதினார். உலகத்தில் அப்போது இருந்த புளூட்டோனியமே மிகக் கொஞ்சம். அணுகுண்டுக்காக ஒவ்வொரு மில்லிகிராமையும் எண்ணி வைத்திருந்த நேரம். அதிலிருந்து 11 மில்லிகிராமைப் பிரித்து, பிப்ரவரி மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஜோசப் ஹாமில்டனிடம் எலிகளுக்காகக் கொடுத்தார்கள்.

ஹாமில்டனின் எலிகள் மூன்று செய்திகளைச் சொல்லின. வாய் வழியாகப் போன புளூட்டோனியத்தைக் குடல் ஏறத்தாழ உள்ளே விடுவதே இல்லை, மலத்தோடு போய்விடுகிறது. நுரையீரல் வழியாகப் போனால் தங்கிவிடுகிறது. எந்த வழியாகவோ இரத்தத்தில் கலந்துவிட்டால் எலும்பிலும் கல்லீரலிலும் படிந்து, வெளியேறுவது மிக மிக மெல்ல. முதல் செய்தியில் ஆறுதல் இருந்தது; மற்ற இரண்டில் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றைப் படத் தகட்டில் பார்த்தார்கள். எலியின் எலும்பை மெல்லிய சீவலாக அறுத்துப் புகைப்படத் தகட்டின்மேல் வைத்துவிட்டால், கதிர் எங்கே இருக்கிறதோ அங்கே தகடு கறுக்கும். ரேடியம் எலும்பின் சுண்ணத்துக்குள் ஊறிப் பரவியிருந்தது. புளூட்டோனியம் அப்படி ஊறவில்லை. எலும்பின் மேற்பரப்பில், உயிருள்ள செல்கள் இருக்கும் ஓரத்தில், மை தீட்டினாற்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புக் கோட்டின் பொருள் பயங்கரமானது. புளூட்டோனியம் உமிழும் ஆல்ஃபா கதிர் மிகக் குறுகிய தூரமே போகும். அந்தத் தூரத்துக்குள்தான் எலும்பை உருவாக்கும் செல்கள் நிற்கின்றன. ரேடியத்தோடு ஒப்பிட்டு, தொழிலாளியின் உடம்பில் 5 மைக்ரோகிராம் புளூட்டோனியம் வரை இருக்கலாம் என்று முதலில் எல்லை வைத்திருந்தார்கள். விலங்குகளில் புளூட்டோனியம் ரேடியத்தைவிடப் பலமடங்கு கொடியது என்று தெரிந்ததும், 1945இல் அதை 1 மைக்ரோகிராமுக்கு இறக்கினார்கள். ஒரு தொழிற்சாலையின் சுவரில் ஒட்டப்படும் விதி எலியின் தொடை எலும்பிலிருந்து வந்தது.

எலி இரண்டு மூன்று ஆண்டு வாழும் பிராணி. எலும்புப் புற்று மனிதரில் பத்து, இருபது ஆண்டு கழித்து வருவது. ஆகவே நாய்க்குப் போனார்கள். பீகிள் இனம். நடுத்தர உயரம், பன்னிரண்டு பதினான்கு ஆண்டு ஆயுள், கூட்டமாக வளர்த்தாலும் சண்டை போடாத சுபாவம், யார் கையையும் நக்கும் குணம். அந்தக் குணமே அதற்கு வினையாயிற்று. ஊசி போட்டாலும் கடிக்காத நாய் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை கனக்கிறது.

யூட்டா பல்கலைக்கழகத்தில் 1952இல் ஊசி போடத் தொடங்கினார்கள். ரேடியமும் புளூட்டோனியமும் வேறு சிலவும், ஒரு நாய்க்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை. பிறகு அது சாகும்வரை காத்திருந்தார்கள். கலிபோர்னியாவில் டேவிஸில் ஸ்ட்ரான்சியம்-90ஐத் தீவனத்தில் கலந்து, குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, அது பிறந்து ஒன்றரை வயதாகும்வரை ஊட்டினார்கள். பாலிலும் தானியத்திலும் அணுகுண்டுச் சோதனைகளின் ஸ்ட்ரான்சியம் விழுந்துகொண்டிருந்த காலம். அமெரிக்கக் குழந்தைகளுக்கு நடந்துகொண்டிருப்பதைத்தான் அந்தக் குட்டிகளுக்குச் செய்து பார்த்தார்கள். ஹான்ஃபோர்டு அணு ஆலை வளாகத்திலும் ஆல்புகெர்க்கி நகரிலும் நாய்கள் கதிரியக்கத் தூசியை மூச்சில் இழுத்தன. ஹான்ஃபோர்டில் செம்மறியாடுகள் நாள் தவறாமல் அயோடின்-131 கலந்த தீவனம் தின்றன. டேவிஸில் நாய்களின் மலமே கதிரியக்கக் கழிவாயிற்று. அதைத் தனித் தொட்டிகளில் பிடித்து வைத்தார்கள். ஆய்வுகள் முடிந்த பிறகு அந்த இடத்தையே நாட்டின் முக்கியமான தூய்மைப்படுத்தல் பட்டியலில் 1994இல் சேர்க்க வேண்டியிருந்தது. கழிவைக் கவனமாக எண்ணிய அறிவியல், எண்ணி முடித்த கழிவை எங்கே வைப்பது என்று முன்கூட்டி யோசிக்கவில்லை.

சரி, இவ்வளவு பிராணிகளிடமும் கேட்டாகிவிட்டது. விடை கிடைத்ததா?

கிடைத்தது; ஆனால் ஒவ்வொரு பிராணியும் வேறு விடை சொன்னது. சீசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டெலி ஏறத்தாழ ஒரு வாரத்தில் பாதியை வெளியேற்றிவிடும். எலிக்கு இரண்டு வாரம். நாய்க்கு ஒரு மாதம். மனிதருக்கு மூன்றரை மாதம். இதிலாவது ஓர் ஒழுங்கு இருக்கிறது: உடல் பெரிதாகப் பெரிதாகக் கடிகாரம் மெதுவாகிறது. புளூட்டோனியத்தில் அந்த ஒழுங்கும் இல்லை. எலியின் கல்லீரல் அதைச் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறது. நாயின் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொள்கிறது. மனிதர் எலியைப் போன்றவரா, நாயைப் போன்றவரா? குட்டிகளின் கதை இன்னும் வேறு. பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் குடல், தாய் எலியின் குடலைவிடப் பலமடங்கு புளூட்டோனியத்தை உள்ளே விடுகிறது. பால் குடிக்கும் வயதில் குடலின் கதவு திறந்தே கிடக்கும். தாய்ப்பாலின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உள்ளே போவதற்காக இயற்கை திறந்து வைத்த கதவு அது. கன்றுக்குச் சீம்பால் ஏன் பிறந்த அன்றே கொடுக்க வேண்டும் என்று கிராமத்தில் மாடு வளர்ப்பவரைக் கேளுங்கள், சொல்வார். கைக்குழந்தைக்குப் பெரியவரைவிடப் பத்து மடங்கு உட்கவர்தல் என்று சர்வதேச விதிகளில் எழுதியிருப்பது இப்படிப்பட்ட குட்டிகளின் சாட்சியால்தான்.

விலங்குக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் இந்த வரலாற்றின் மிகப் பெரிய குற்றம் நடந்தது.

1945 ஏப்ரல் 10. அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ஓக் ரிட்ஜ். சாலை விபத்தில் எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த ஒரு கறுப்பினக் கட்டடத் தொழிலாளிக்கு 4.7 மைக்ரோகிராம் புளூட்டோனியத்தை ஊசியில் ஏற்றினார்கள். என்ன ஊசி என்று அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய சிறுநீரையும் மலத்தையும் சேகரித்தார்கள். எலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். பற்களைப் பிடுங்கி அளந்தார்கள். அடுத்த இரண்டே கால் ஆண்டுகளில் ரோச்செஸ்டர், சிகாகோ, சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனைகளிலுமாக, அவரையும் சேர்த்து மொத்தம் 18 பேருக்கு இப்படி ஊசி போட்டார்கள். சாகப்போகிறவர்கள்தானே என்று அவர்களில் பலரைத் தேர்ந்தெடுத்ததாகச் சமாதானம் சொல்லப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவில் வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் ஒருவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று எண்ணி ஊசி போட்டார்கள். அறுவையில் எடுத்துப் பார்த்தபோது அது வெறும் வயிற்றுப்புண். அவர் இருபது ஆண்டுக்கும் மேல் வாழ்ந்தார், உடம்பில் புளூட்டோனியத்தோடு, அது இருப்பதே தெரியாமல்.

அப்படி ஊசி போடப்பட்டவர்களின் சிறுநீர்ப் புட்டிகளிலிருந்து, லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வகத்தில் ரைட் லாங்காம் ஒரு சமன்பாடு எழுதினார். இரத்தத்தில் புகுந்த புளூட்டோனியத்தில் முதல் நாள் சிறுநீரில் வருவது 0.2 விழுக்காடு, நாள் போகப்போக அது இன்ன விகிதத்தில் குறையும் என்பது அதன் சாரம். பல பத்தாண்டுகள், அணு ஆலைத் தொழிலாளியின் சிறுநீரைச் சோதித்து அவர் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிட்டவர்கள் அந்தச் சமன்பாட்டைத்தான் கையில் வைத்திருந்தார்கள். அது பல தொழிலாளர்களைக் காப்பாற்றியிருக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 0.2 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பல் பிடுங்கப்பட்ட அந்த மனிதரின் வாய்தான் எனக்குத் தெரிகிறது.

ஐலீன் வெல்சம் என்ற பத்திரிகையாளர், ஆல்புகெர்க்கி டிரிப்யூன் என்ற சிறிய நாளிதழில், 1993 நவம்பரில் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த பெயர்களை வெளியிட்டார். கோப்புகளில் அவர்கள் வெறும் குறியெழுத்தும் எண்ணும்தான். ஒரு கோப்பில் தற்செயலாக மிஞ்சியிருந்த ஊர்ப் பெயரையும் வேறு சில துப்புகளையும் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தேடியிருக்கிறார் அவர். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். அமெரிக்க அரசு ஒரு குழு அமைத்தது; 1995 அக்டோபர் 3 அன்று குழுவின் அறிக்கையைப் பெற்றுக்கொண்டு அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். ஊசி போட்டு ஐம்பது ஆண்டு கழித்து.

"விலங்குச் சோதனை போதாது, ஆகவே மனிதர்" என்ற வாதம் அன்று வைக்கப்பட்டது. "மனிதரிடம் செய்யக் கூடாது, ஆகவே விலங்கு போதும்" என்ற வாதம் இன்றும் வைக்கப்படுகிறது. இரண்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. நம் நாட்டில் விலங்கு வதைத் தடுப்புக்குச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் சென்னையிலிருந்து சென்ற ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்துக்காக அவரை நினைக்கிற நாம் இதற்காகவும் நினைக்க வேண்டும். பிறகு அரசே கொண்டுவந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. அறிவுக்காகவும் உயிர் காக்கவும் செய்யலாம் என்று விட்டுவிட்டு, அதைக் கண்காணிக்க ஒரு குழுவுக்கு வழி வைத்தது. வலி தெரியக் கூடாது, தேவைக்கு மேல் ஒரு பிராணிகூடக் கூடாது, சின்னப் பிராணியால் முடியும் என்றால் பெரிய பிராணியைத் தொடக் கூடாது என்பவை இந்த விதிகளின் உட்பொருள். நான் படித்த காலத்தில் இவை தாளில் மட்டும் இருந்தன. இப்போது ஆய்வுத் திட்டத்தை நெறிக் குழுவின் முன் வைத்து, எலியின் எண்ணிக்கைக்குக்கூடக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் நல்லது.

ஒப்புதலோடு மனிதரிடம் கேட்க முடியாதா என்றால், முடியும். இங்கிலாந்தில் கம்ப்ரியா கடற்கரையில், செல்லாஃபீல்டு அணு ஆலைக் கழிவால் புளூட்டோனியம் ஏறிய சிறு கடல் நத்தைகளைத் தன்னார்வலர்கள் சிலர் தெரிந்தே தின்று, சிறுநீர் கொடுத்தார்கள். 1980களில் நடந்தது. குடல் உள்ளே விட்டது பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவே. அந்தப் பகுதியில் நத்தை தின்பவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை எலியைக் கேட்காமல், ஊசி போடாமல், நேராக அறிந்தார்கள். கனநீரைக் குடித்தவர்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள்.

இனி வெளியேற்றுவதைப் பற்றி. இங்கேதான் எலியின் கணக்கு உயிராகத் திரும்பி வந்தது.

சீசியத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. இரத்தத்திலிருந்து செரிமான நீரோடு குடலுக்குள் வரும். அங்கே சும்மா இராமல் மறுபடி இரத்தத்துக்குள் ஏறிவிடும். வாசலுக்கு வந்தவர் திரும்ப உள்ளே போகிற கதை. வாசலில் ஒருவர் நின்று பிடித்துக்கொண்டால்? ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவேயில் நிக்ரோவிச் என்பவர் எலிகளுக்குப் பிரஷ்ய நீலம் என்ற சாயத்தைக் கொடுத்துப் பார்த்து 1963இல் வெளியிட்டார். ஓவியர்கள் இருநூறு ஆண்டுக்கும் மேலாகத் தீட்டிவந்த அதே நீலம். அது குடலில் கரையாது, இரத்தத்தில் சேராது. சீசியத்தைத் தன் படிகக் கூட்டுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். எலிகளின் உடம்பிலிருந்து சீசியம் மளமளவென்று இறங்கியது.

இருபத்து நான்கு ஆண்டு கழித்து, 1987 செப்டம்பரில், பிரேசில் நாட்டு கோயானியா நகரில் கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து கதிர் சிகிச்சைக் கருவியின் ஒரு பகுதியை இரண்டு பேர் கழற்றி எடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே 93 கிராம் சீசியம் குளோரைடு. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளைப் பார்த்து வியந்து உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பங்கிட்டார்கள். ஆறு வயதுச் சிறுமி அதைக் கையில் பூசி விளையாடிவிட்டு, அந்தக் கையோடு சாப்பிட்டாள். நகரத்தின் 1,12,000 பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது. 249 பேரிடம் மாசு இருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தச் சிறுமியும் ஒருத்தி. 46 பேருக்குப் பிரஷ்ய நீலம் கொடுத்தார்கள், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வரை.

வழக்கமாகச் சீசியம் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகும். மருந்து கொடுத்ததும் நிலை மாறி மலத்தில் அதிகமாகப் போனது. எலிகளில் பார்த்த அதே மாற்றம். மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளிகளின் மலத்தையும் சிறுநீரையும் நாள்தோறும் அளந்தவர்களை நினைக்கும்போது, தட்டும் ஜாடியுமாக நின்ற என் இளமை எனக்கு ஞாபகம் வருகிறது. பெரியவர்களின் உடம்பில் சீசியம் தங்கும் காலம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சுருங்கியது. 110 நாள் என்று ஓடிய கடிகாரம் ஏறத்தாழ 30 நாளாக ஓடியது. சிறுமியை அது காப்பாற்றவில்லை. அவள் உடம்புக்குள் போயிருந்த அளவு அவ்வளவு. மற்றவர்களின் உடம்பிலிருந்து பல மாதத்துக் கதிரைக் கழித்துக் கொடுத்தது.

கோயானியாவுக்கு முந்திய ஆண்டு செர்னோபில் அணு உலை விபத்தின் கதிரியக்க மேகம் நார்வே மலைகளில் மழையாக இறங்கியிருந்தது. புல்லிலும் காளானிலும் பாசியிலும் சீசியம். அவற்றை மேய்ந்த ஆட்டிலும் கலைமானிலும் சீசியம். அங்கே பிரஷ்ய நீலத்தை உப்புக்கட்டியில் கலந்து மேய்ச்சல் வெளியில் வைத்தார்கள். ஆட்டின் முதல் இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாகக் கரையும் உருண்டைகளாகச் செய்து விழுங்க வைத்தார்கள். எலி கற்றுக்கொடுத்த மருந்து ஆட்டுக்குப் போனது. நான் படித்த மருத்துவத்தில் இதைவிட அழகான திரும்புதலைப் பார்த்ததில்லை. பிரிட்டனில் செம்மறியாடுகளுக்கு 1986இல் விதித்த கட்டுப்பாட்டின் கடைசிப் பகுதி நீங்கியது 2012இல். மண்ணின் கடிகாரம் உடம்பின் கடிகாரத்தைப் போல் இரங்காது.

புளூட்டோனியத்துக்கு இவ்வளவு எளிய மருந்து இல்லை. நண்டு தன் கொடுக்கால் இரையைப் பிடிப்பதுபோல் உலோக அணுவைப் பல பக்கமும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் உண்டு. கொடுக்கிணைப்பு மருந்துகள் என்பார்கள். டி.டி.பி.ஏ. அவற்றில் ஒன்று. இரத்தத்தில் அலையும் புளூட்டோனியத்தைப் பிடித்துச் சிறுநீரில் விடும். எலும்பில் படிந்துவிட்டதை எளிதில் பெயர்க்காது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. முதல் நாள் அதன் கால்சியம் உப்பு மேலானது, பிறகு துத்தநாக உப்பு பாதுகாப்பானது என்ற இன்றைய சிகிச்சை முறை விலங்குகளிடம் கற்றதுதான். 1976இல் ஹான்ஃபோர்டில் ஒரு வெடிப்பில் முகத்திலும் உடம்பிலும் அமெரிசியம் என்ற கதிரியக்க உலோகம் தெறித்த ஒரு தொழிலாளி இந்த மருந்தோடு மேலும் பதினோரு ஆண்டு வாழ்ந்து இதய நோயால் இறந்தார்.

பெர்க்லியில் ஹாமில்டனின் ஆய்வகத்தில் இளம் வயதில் சேர்ந்த பெண் ஒருவர் இருந்தார். பட்ரீசியா டர்பின். ஹாமில்டன் 1957இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். டர்பின் அதே ஊரில், அதே கேள்வியோடு, அரை நூற்றாண்டு சுண்டெலிகளின் கழிவை அளந்துகொண்டிருந்தார்: உடம்பு புளூட்டோனியத்தை இரும்பு என்று ஏமாறுகிறது என்றால், இரும்பைப் பிடிக்க உயிர்கள் வைத்திருக்கும் வலையையே புளூட்டோனியத்துக்கு விரித்தால் என்ன? மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இரும்பைத் தேடிப் பிடிக்க ஒரு மூலக்கூறைச் சுரக்கின்றன. அதைப் பார்த்துச் செய்த மருந்துகளை வேதியியலாளர் கென்னத் ரேமண்டோடு சேர்ந்து சுண்டெலிகளில் சோதித்தார். டி.டி.பி.ஏ.வை ஊசியாகவோ மூச்சு வழியாகவோ கொடுக்கிறார்கள், இவர்களுடையதை வாயில் போட்டு விழுங்கலாம். டர்பின் 2009இல் காலமானார்.

2023இல் அந்த மருந்தை முதன்முதலாக மனிதரிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். நோய் இல்லாத தன்னார்வலர்கள். என்ன மருந்து, எதற்கு, என்ன தீங்கு வரலாம் என்று படித்துக் கையெழுத்திட்டவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது மருந்து மட்டும்; உடம்பு அதைத் தாங்குகிறதா என்று பார்க்க மட்டும். ஒரு துளி புளூட்டோனியமும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை, கொடுக்கவும் முடியாது. மனிதரிடம் செயல்திறனைச் சோதிக்கவே கூடாத இத்தகைய மருந்துகளுக்கு விலங்கின் சான்று போதும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு விதி 2002இல் எழுதி வைத்திருக்கிறது. அந்த மாத்திரை புளூட்டோனியத்தை வெளியே கொண்டுவருமா என்று கேட்டால், இன்றைக்கு நமக்காகச் சாட்சி சொல்வது பெர்க்லியில் கம்பி வலைத் தரையின்மேல் நின்ற அந்தச் சுண்டெலிகள்தான்.